பின்வாசல் வகுப்பு

இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
21.09.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யாக்கோபு எழுதுவது. நானும் விமலராணியும் பிள்ளை லக்ஷனாவும் மாதாவின் தயவால் சுகம். மன்னாரில் உங்கள் சுகம் எப்படி? முழங்கால் நோவுக்கு அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்ததா?

இந்த முறை சந்தோஷச் செய்தியோடு எழுதுகிறேன். லக்ஷனா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பலாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கிற அதே பள்ளிக்கூடம்தான். ஆனால் இந்த வருடம் நம்முடைய பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வகுப்பே தந்திருக்கிறார்கள். முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பதினாறு பிள்ளைகள், எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே அறையில். படிப்பு இத்தாலிய மொழியில்தான். பிறகு ஒரு தமிழ் ரீச்சரையும் போடுவார்களாம். கொழும்பில் ஒரு தமிழ் வகுப்பைத் திறக்க எத்தனை கந்தோர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்! இங்கே வாய் திறந்து கேட்க முதலே தந்துவிட்டார்கள்.

செய்து தந்தவர் ஸ்பாதாரோ ஐயா. நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவின் மகன். நகரசபை உறுப்பினர்; நவம்பர் தேர்தலில் மறுபடியும் நிற்கிறார். ஒரு காகிதத்தைத் தந்து, பெற்றோரின் கையெழுத்து இருந்தால் மற்றதைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் மேசை போட்டேன். திருவிழா உபயத்துக்குப் பெயர் கொடுப்பது போல வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள். முதல் பெயர் என்னுடையது. சைவ ஆட்களும் வந்தார்கள். நகுலேஸ்வரன் அண்ணை, "தமிழ்ப் பிள்ளையளுக்கு எண்டால் கோயில் என்ன, சேர்ச் என்ன? கொண்டா பேனையை" என்று பறித்து வைத்தார்.

இனி உங்கள் விஷயம். சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கூடவே இருந்து பார்க்க ஒரு பெண் ஆள் வேண்டும். உங்கள் பெயருக்கு வேலை அழைப்புக் காகிதம் எடுத்துத் தருவதாக ஸ்பாதாரோ ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார். பாஸ்போட் பிரதியை உடனே அனுப்புங்கள். எத்தனை வருடத்துக்குத்தான் அகதி மண்டபத்தில் பாயை விரித்துச் சுருட்டுவது?

உங்கள் செபத்தில் எங்களையும் நினையுங்கள்.

அன்புத் தம்பி
யாக்கோபு


இயேசு மரி சூசை துணை

மன்னார்
25.10.1997

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா றோசமலர் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன். உன் கடிதம் ஒரு மாதம் கழித்து, உடைத்து ஒட்டிய உறையோடு வந்தது. களிம்பும் வந்தது. பக்கத்துப் பாயில் இருக்கிற குகனேஸ்வரிக்கும் அதே முழங்கால் என்பதால் இரண்டு பேரும் பூசுகிறோம்.

பாஸ்போட் பிரதி இதற்குள் இருக்கிறது.

மருமகளின் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சில விஷயம் கேட்கிறேன். அந்த அறை மற்ற வகுப்புகளோடு சேர்ந்து இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? பிள்ளைகள் எந்த வாசலால் உள்ளே போகிறார்கள்? இடைவேளைக்கு எல்லோரையும் ஒன்றாக விடுகிறார்களா? தண்ணீர் எங்கே குடிக்கிறார்கள்? போன வருடம் அவளோடு இருந்த இத்தாலியப் பிள்ளைகள் இப்போது எங்கே?

கோபிக்காதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மண்டபத்தின் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது. நாங்கள் கிழக்குப் பக்கம் என்பதால் பாதகமில்லை.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அன்பு அக்கா
றோசமலர்


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
07.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் சுகம். உங்களுக்கும் குகனேஸ்வரி அக்காவுக்கும் சுகம் கிடைக்க வேண்டுகிறோம். முன்கூட்டியே நத்தார் வாழ்த்துக்கள்.

ஸ்பாதாரோ ஐயா வென்றுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றி ஊற்றி என் கை ஓய்ந்துபோனது. எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "யாக்கோபு எங்கள் வீட்டு ஆள்" என்றார். உங்கள் பாஸ்போட் பிரதியைத் தன் மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.

அப்பம் தின்னச் சொன்னால் குழி எண்ணுகிற ஆள் நீங்கள் என்று விமலராணி சிரித்தாள். எண்ணித்தான் தருகிறேன், கேளுங்கள். அறை கீழ்த்தளத்தில், பின்பக்கம். முன்பு உடைந்த வாங்கு, மேசைகள் போட்டு வைத்த இடம், வெள்ளையடித்துத் தந்திருக்கிறார்கள். வாசல் பின் சந்தில். சந்தையின் மீன் பெட்டிகள் அங்கேதான் கிடக்கும், கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். இடைவேளை மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்னால், சின்னப் பிள்ளைகள் இடிபடாமல் இருக்க. தண்ணீர் வீட்டிலிருந்து போத்தலில். போன வருடத்துப் பிள்ளைகள் மேல்மாடியில் இருக்கிறார்கள். தமிழ் ரீச்சர் இன்னும் வரவில்லை. வந்த இத்தாலிய ரீச்சரும் இரண்டு தரம் மாறிவிட்டா.

ஸ்ரெல்லா என்று ஒருத்தி, நீர்கொழும்புப் பக்கத்தவள், மகன் இந்த வகுப்பில். அவளுக்கு எதிலும் நொட்டை. அறையில் ஈரம், சந்தில் நாற்றம் என்று கோவில் வாசலில் நின்று கதைக்கிறாள். கிடைத்ததையும் கெடுக்கிற ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள்தானே.

உங்கள் அன்புத் தம்பி
யாக்கோபு


இயேசு மரி சூசை துணை

மன்னார்
18.01.1998

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம். நத்தார் பூசை பகலிலேயே வைத்தார்கள். வாழ்த்து அட்டை கிடைத்தது. அதில் லக்ஷனா தமிழில் "மாமி" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு கப்பல்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தாய். வாசித்தேன்.

அவள் இத்தாலிய மொழியில் இப்போது என்ன எழுதுகிறாள்? ஒரு தாளில் அவள் கையால் நாலு வரி எழுதுவித்து அனுப்பு. எனக்கு விளங்காது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்தைக் காலி செய்து எங்களை நகரை விட்டு உள்ளே ஒரு முகாமுக்கு ஏற்றப்போவதாகச் சொல்கிறார்கள். போன வருடமும் சொன்னார்கள்.

அன்பு அக்கா
றோசமலர்


பலேர்மோ
22.02.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்குச் சுகம்தான். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம்.

நீங்கள் கேட்ட நாலு வரியை அனுப்பவில்லை. லக்ஷனாவை இருத்தி எழுதச் சொன்னேன். பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நாங்கள் படம் கீறுறனாங்கள். எழுதுறது மேலை உள்ள ஆக்கள்" என்றாள். போன வருடம் கடைப் பெயர்ப் பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டிய பிள்ளை.

அக்கா, நான் பெரிய மடைத்தனம் செய்துவிட்டேன். ஸ்ரெல்லா வேலை செய்கிற வீட்டில் சட்டம் படிக்கிற பெட்டை ஒருத்தி இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் எங்கள் காகிதத்தின் பிரதியை எடுத்து வந்தாள். மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாக எங்களுக்குச் சொன்னாள். "எங்கள் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் தகுதி போதாது, அவர்களைத் தனியாக வைக்கும்படி பெற்றோராகிய நாங்களே கேட்கிறோம்." அதன் கீழே என் பெயர். பிறகு முப்பத்தொரு பெயர்.

அதற்கு முன்னால் இன்னொரு மனு இருக்கிறது. மேல்மாடிப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஸ்பாதாரோ ஐயாவுக்குக் கொடுத்தது. எங்கள் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளை இருத்த வேண்டாம் என்று. தேர்தல் நேரம். அப்படிப் பிரிக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லையாம். நாங்களாகக் கேட்டால் மட்டும் கண்ணை மூடலாமாம். அதற்குத்தான் எங்கள் கையெழுத்து.

வாசிக்காமல் வைத்தோம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அரைகுறையாக விளங்கியது. தனி வகுப்பு என்று கண்டேன், அதோடு என் கண் நின்றுவிட்டது. சிங்களப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு, தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தனி வகுப்பு என்றால் உரிமை என்றுதான் இந்த மண்டைக்குள் இருக்கிறது. மற்றவர்கள் எங்களைத் தள்ளி வைப்பதும் அதே மாதிரித்தான் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

ஸ்ரெல்லா புது மனு எழுதுவித்திருக்கிறாள், பழையதை மீட்டுக்கொள்வதாக. பதினொரு பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். போன கிழமை வீட்டுக்கு வந்தாள். "யாக்கோபு அண்ணை, முதல் பேர் உங்கட. கேட்டவர் நீங்கள். நீங்கள் மாறாட்டி இதை எடுக்கமாட்டன் எண்டு தலைமை ஆசிரியை சொல்லிப்போட்டா" என்றாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. நான் கையெழுத்து வைத்தால் ஸ்பாதாரோ ஐயா உங்கள் அழைப்புக் காகிதத்தை எடுத்துத் தர மாட்டார். முந்தநாள் சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழம் ஒரு பெட்டி தந்தார். தந்துவிட்டு, "ஸ்ரெல்லா என்கிறவளை உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன செய்ய வேண்டும், அக்கா?

யாக்கோபு


மன்னார்
27.03.1998

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம்.

உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நாங்கள் பிறந்த தீவில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம்முடைய சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தினார்கள். மற்றவர்கள் வாங்கில். நீ எனக்கு எட்டு வயது இளையவன். நீ போக முதல் வாங்கு எல்லோருக்கும் பொது ஆகிவிட்டது. அதனால் உனக்குத் தெரியாது. ஐயாவும் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நிலத்தில் இருந்ததில் எனக்கு நோவு ஒன்றும் ஞாபகம் இல்லை. கரும்பலகை தெரியாது, அதுதான் ஞாபகம். வாங்கில் இருந்தவர்களின் முதுகும் தொங்குகிற கால்களும் தெரியும். கணக்கு முழுவதையும் காதால் படித்தேன்.

பதினெட்டுக் குடும்பம் சேர்ந்து மனு எழுதியது. ஐயாவிடமும் வந்தார்கள். ஐயா சம்மாட்டியாரின் கரைவலையில் கூலிக்கு நின்றவர். சம்மாட்டியார் கிராமசபை மெம்பர். ஐயா, "நாளைக்குப் பாப்பம்" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். வாங்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். ஐயா நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு விஷயத்துக்காக அவர் சாகும்வரை என் மனம் அவரோடு ஒட்டவில்லை.

எனக்கு வர விருப்பம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். விருப்பம்தான். எட்டு வருடமாக நூற்றைம்பது பேருக்கு நடுவில் உடுப்பு மாற்றுகிறேன். கதவு ஒன்றைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்க ஆசை. ஆனாலும் நீ கையெழுத்து வை. என் காகிதத்தைப் பார்க்காதே. லக்ஷனாவுக்கு இப்போது ஏழு வயது. வருடம் போனால் திரும்ப வராது.

அக்கா
றோசமலர்


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
26.04.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். பாஸ்கு வாழ்த்துக்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் சொன்னபடி கையெழுத்து வைத்துவிட்டேன். செப்ரெம்பரில் பிள்ளைகளை மேல்மாடிக்கு எடுத்துவிடுவார்கள். ஸ்ரெல்லாவுக்குப் பெரிய சந்தோஷம். விமலராணிக்கும்.

உங்கள் காகிதம் இனி வராது. ஸ்பாதாரோ ஐயா ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அதே வீட்டில்தான் வேலை செய்கிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

அன்புத் தம்பி
யாக்கோபு


இயேசு மரி சூசை துணை

மன்னார்
30.05.1998

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நல்ல சுகம். முழங்கால் நோவு கூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று அதைக் குகனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வருவதில்லை என்று உனக்குத் தெரியும்தானே. அன்று ஒரு கோப்பைச் சோறு முழுவதும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பெயருக்கு ஒரு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தேன். சுவாமி பீடத்தில் உன் பெயரை வாசித்தார். பூசை முடிந்து சனம் என்ன விஷயம் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன். வாங்கு, நிலம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்த பிறகு முதல் தரம் அதை வாய்விட்டுச் சொல்கிறேன். தீவு ஆட்கள் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். போகட்டும்.

காகிதம் வராததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நம்முடைய குடும்பத்தில் ஒரு ஆளாவது கையெழுத்து வைத்ததே, அது போதும்.

செப்ரெம்பரில் பிள்ளை மேலே போனதும் எனக்கு எழுது. எந்த வாங்கு, பக்கத்தில் யார் என்று எழுது.

அன்பு அக்கா
றோசமலர்


பலேர்மோ
12.07.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம். உங்கள் கடிதம் வந்தது. பதில் பிந்திவிட்டது. வேலை.

பள்ளிக்கூடம் விடுமுறை. சிஞ்ஞோராவைக் கடற்காற்றுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நானும் அங்கேதான். ஞாயிறுகளில் மட்டும் வீட்டுக்குப் போகிறேன். சாந்தா றொசாலியா திருவிழா நடக்கிறது. நம்முடைய சனம் வெறுங்காலோடு மலை ஏறுகிறது. விமலராணியும் ஏறினாள். நான் போகவில்லை.

ஸ்ரெல்லா மகனைக் கூட்டிக்கொண்டு தமையனிடம் வடக்கே போய்விட்டாள்.

ஸ்பாதாரோ ஐயா மனதில் ஒன்றையும் வைத்திருக்கிற ஆள் இல்லை. சில வேளை நாங்கள் எதிர்பாராத நல்லதும் நடக்கும், அக்கா. அப்படி ஏதும் வந்தால் ஏன், எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பூசைக்கு நன்றி. இனிமேல் கொடுக்க வேண்டாம்.

லக்ஷனா சுகம். உயர்ந்துவிட்டாள்.

யாக்கோபு


மன்னார்
02.09.1998

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன கிழமை கொழும்பு வழியாக அழைப்புக் காகிதம் வந்தது. முத்திரை, சிஞ்ஞோராவின் கையெழுத்து, என் பெயர் எல்லாம் சரி. பங்குச் சுவாமி ரோமில் படித்தவர். அவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன். ஏப்ரல் பதினாலாம் திகதி பதிந்திருக்கிறார்கள். பலேர்மோக் கந்தோரில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. புது மனுவில் வைத்துவிட்டேன், காகிதம் இனி வராது என்று நீ எனக்கு எழுதினது இருபத்தாறாம் திகதி.

மூன்று நாள் இதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். ஸ்பாதாரோ ஐயா பெரிய மனதோடு தந்திருக்கலாம் என்று ஒரு நாள் முழுவதும் நினைத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். உன்மேல் கோபம் வருகிறதா என்றும் பார்த்தேன். வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

குகனேஸ்வரி, "கிழிச்சுப் போடு அக்கா, அந்தப் பிள்ளையின்ரை பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்றாள். அவள் சொன்னது சரி. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். பூசை கொடுத்தவளும் நான்.

இந்த மாதம் முப்பதாம் திகதி மண்டபத்தை மூடுகிறார்கள். இந்த முறை சாமான் ஏற்ற இப்போதே லொறி வந்து நிற்கிறது.

நான் கிழிக்கவில்லை, யாக்கோபு. நேற்று விசாவுக்குப் பாஸ்போட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒக்ரோபரில் வருகிறேன். காலையில் சிஞ்ஞோராவிடம் போக முதல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். நீ போக வேண்டாம்.

லக்ஷனாவிடம் மாமி வருகிறா என்று சொல்லு. காகிதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், மாமியைக் கேள் என்று சொல்லு. நான் வரும்வரை ஒரு பொய்யும் சொல்லாதே. வந்த பிறகு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு
றோசமலர்